சில்லரில் வைத்த காரட்டில் பஞ்சு பூக்காமல் இருக்க

காரட் பெட்டியைத் திறந்ததும் பிளாஸ்டிக் உறையின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றால், அதை அப்படியே மூடி சில்லருக்குள், அதாவது குளிர் அறைக்குள், தள்ளிவிடாதீர்கள். நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை நம்பி எந்தெந்தப் பூஞ்சை காத்திருக்கிறது, எந்தக் கிழங்கைச் சில்லர் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்பதெல்லாம் மீதிப் பாதி.

எங்கள் காய்கறிக் கடை மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், கொஞ்சம் ரப்பர். ஈப்போ மொத்தச் சந்தையிலிருந்து லோரி வரும். கேமரன் மலை முள்ளங்கி, சீனாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் காரட், பீட்ரூட், அப்புறம் பக்கத்துக் கம்பங்களிலிருந்து, அதாவது கிராமங்களிலிருந்து, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, பச்சையாகவே தின்னும் செங்குவாங் கிழங்கு. சாதாரண நாளில் சரக்கு இரண்டு மூன்று நாளில் ஓடிவிடும், பூஞ்சையைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. தீபாவளி, தைப்பூசம், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா என்று வரும்போதுதான் சிக்கல். அன்னதானத்துக்கு நூறு கிலோ, இருநூறு கிலோ என்று கேட்பார்கள். திருவிழா நெருங்க நெருங்க விலை ஏறும் என்பதால் பத்து நாள், இரண்டு வாரம் முன்னாலேயே வாங்கி அடுக்குவோம்.

அப்படி ஒரு திருவிழாவுக்குப் பன்னிரண்டு பெட்டி காரட்டும் இரண்டு சாக்கு சர்க்கரைவள்ளியும் வாங்கினேன். லோரி மத்தியான வெயிலில் வந்து சேர்ந்தது. இறக்கிய கையோடு எல்லாவற்றையும் குளிர் அறைக்குள் சுவரோடு சுவராக அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டேன். ஒன்பதாம் நாள் திறந்து பார்த்தால் ஓரத்துப் பெட்டிகள் நன்றாக இருந்தன. நடுவில் இருந்த நான்கு பெட்டிகளில் காரட்டுக்கும் காரட்டுக்கும் இடையே வெள்ளைப் பஞ்சு படர்ந்து, பஞ்சுக்குள் எலிப்புழுக்கை மாதிரி கறுப்புக் கறுப்பாகக் கட்டிகள். சர்க்கரைவள்ளி பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மறுநாள் கோயில் சமையல்காரர் போன் போட்டு, "அண்ணே, கிழங்கு ஒரு மணி நேரமா கொதிக்குது, நடுவுல கல்லு மாதிரி நிக்குது, வேகவே மாட்டேங்குது" என்றார். சாமிக்குப் படைக்க வேண்டிய கிழங்கு. அந்த இரண்டு கெடுதலுக்கும் காரணம் வேறு வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது. அதற்குப் பிறகு படித்தும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும், பெட்டி பெட்டியாகக் கிளறிப் பார்த்தும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சின்னக் கடை வைத்திருப்பவர்கள், கேட்டரிங் செய்பவர்கள், கோயில் சமையலுக்குச் சரக்கு எடுப்பவர்கள் எல்லாருக்கும் உதவும்.

குளிர் என்ன செய்யும், என்ன செய்யாது

குளிர் பூஞ்சையைக் கொல்லாது. சில வகைகளைத் தூங்க வைக்கும், சில வகைகளை மெதுவாக நடக்க வைக்கும், அவ்வளவுதான். ரொட்டியிலும் பழத்திலும் கறுப்புப் புள்ளி வைத்த முடிபோல வளரும் ரைசோபஸ் சுமார் 5 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். வெள்ளைப் பஞ்சு பூக்கும் ஸ்க்ளெரோடினியாவும் சாம்பல் நிறத்தில் படரும் போட்ரைடிஸும் 0 டிகிரியிலும் வளரும். மெதுவாகத்தான் வளரும், ஆனால் நிற்காது. நம் சூட்டில் ஓடும் பூஞ்சைகளைச் சில்லர் கட்டிப்போட்டதும் குளிர்நாட்டுப் பூஞ்சைகள் போட்டியில்லாமல் மேயும். அதனால்தான் கடை முகப்பில் கிடக்கும் காரட்டில் ஒரு விதமாகவும் சில்லர் காரட்டில் வேறு விதமாகவும் கெடுதல் வருகிறது.

பூஞ்சை விதை, அதாவது வித்து, மண்ணோடும் பெட்டியோடும் எப்படியும் உள்ளே வந்துவிடும். அதைத் தடுக்கக் கடைக்காரரால் முடியாது. அது முளைக்க இரண்டு வேண்டும்: தோலில் ஒரு காயம் அல்லது தளர்ச்சி, மேலே ஒரு துளி ஈரம். இந்த இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான சரக்கு கெடுவது இதில்தான். தே ஐஸ் (ஐஸ் போட்ட தேநீர்) கிளாஸை மேசையில் வைத்தால் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அதே கதைதான். நம் ஊரில் 30 டிகிரி சூடும் 80 சதவீதக் காற்றீரமும் சாதாரணம். அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் அதன் மேல் தண்ணீராக இறங்கும். குளிர் லோரியில் வந்த காரட் பெட்டியைக் கடை முன்னால் அரை மணி நேரம் திறந்து போட்டால் காரட் முழுக்க வேர்த்துவிடும். இது ஒரு வகை. இன்னொன்று தலைகீழ்: வெயிலில் வந்த சூடான காரட்டை உறையைக் கட்டியபடியே சில்லரில் வைத்தால், காரட்டிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டுத் தண்ணீராகி மறுபடி காரட் மேலேயே சொட்டும். நடுப்பெட்டிக்குச் சூடு இறங்க வழியே இல்லாததால் அது நாலைந்து நாள் அப்படியே வெந்துகொண்டிருக்கும். என் நான்கு பெட்டிகளும் இப்படித்தான் போயின.

சரி, அப்படியானால் சில்லரைக் காய வைத்துவிட்டால் போச்சு என்று நினைக்கத் தோன்றும். அதுவும் தப்பு. காரட்டுக்கு 98 சதவீதத்துக்கு மேல் ஈரமான காற்று வேண்டும். காய்ந்த காற்றில் அது தண்ணீர் இழந்து வளையும். பத்துக் கிலோவில் ஏறக்குறைய 800 கிராம் எடை குறைந்தால் அது விற்கவும் லாயக்கில்லை, அப்படித் தளர்ந்த காரட்டைத்தான் சாம்பல் பூஞ்சையும் முதலில் பிடிக்கும். ஆக, சுற்றிலும் காற்று ஈரமாக இருக்க வேண்டும், தோல் மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து வைப்பதுதான் மொத்த வித்தையும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இதற்காகத்தான்.

எது எந்தப் பூஞ்சை

வெளிச்சத்தில் எடுத்து வைத்துப் பாருங்கள். பஞ்சு வெள்ளையாக, தடிப்பாக, பனிபோல இருந்து அதன்மேல் தெளிவான நீர்த்துளிகளும் பிறகு உளுந்து அளவில் கறுப்புக் கட்டிகளும் வந்தால் அது ஸ்க்ளெரோடினியா. தொட்டால் காரட் பஞ்சுக்குக் கீழே நைந்து ஈரமாக இருக்கும். ஒரு காரட்டிலிருந்து பக்கத்துக் காரட்டுக்குத் தொட்டுத் தொட்டே போகும், அதனால் பெட்டிக்குள் கூடு கட்டியதுபோல ஒரே இடத்தில் கும்பலாகத் தெரியும். அந்தக் கறுப்புக் கட்டி சாதாரணமானதல்ல, மண்ணில் விழுந்தால் பல வருடம் உயிரோடு கிடக்கும். காய்கறித் தோட்டம் போடுகிறவர்கள் இந்தக் குப்பையை உரக்குழியில் போடவே கூடாது.

சாம்பல் நிறத்தில் தூசி மாதிரி, ஊதினால் புகைபோல எழுந்தால் போட்ரைடிஸ். பெரும்பாலும் வாடிய நுனியிலோ ஒடிந்த இடத்திலோ தொடங்கும்.

கழுவிப் பளபளவென்று வரும் காரட்டில் இரண்டு மூன்று நாளிலேயே தோல் மேல் கறுப்பாக மை தெளித்ததுபோலத் திட்டுத் திட்டாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆழமாகப் போகாது, மேலோடு இருக்கும். அது தியலாவியோப்சிஸ் என்ற பூஞ்சையின் வேலை. கழுவும் இயந்திரத்தில் உருண்டு தோல் சிராய்த்த காரட்டைச் சூட்டில், பிளாஸ்டிக் பைக்குள் வைத்தால் வெகு வேகமாக வரும். நல்ல குளிரில் அசையாமல் கிடக்கும். சில்லரில் பத்து நாள் சுத்தமாக இருந்த காரட், வாங்கியவர் வீட்டுச் சமையலறை மேசையில் இரண்டு நாளில் கறுத்துப்போகிறதென்றால் காரணம் இதுதான். வாடிக்கையாளர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது.

காரட்டின் தலைப்பக்கம், இலை முளைத்த இடத்தில், கன்னங்கரேலென்று குழிவிழுந்து காய்ந்தாற்போல இருந்தால் ஆல்டர்னேரியா. இது வயலிலிருந்தே வருவது. பெட்டி வாங்கும்போதே நாலைந்து காரட்டின் தலையைப் பார்த்துவிட வேண்டும். பீட்ரூட்டில் இதே மாதிரி உள்ளே கறுப்பாக அழுகுவதற்கு ஃபோமா காரணமாக இருக்கும். அறுத்தால்தான் தெரியும், ஏற்கெனவே சிவப்பாக இருப்பதால் வெளியில் கண்டுபிடிப்பது கஷ்டம், விரலால் அழுத்திப் பார்ப்பதே வழி.

வழவழவென்று சளிபோல ஆகி, மூக்கைப் பொத்தும் நாற்றம் அடித்தால் அது பூஞ்சையே இல்லை, பாக்டீரியா அழுகல். அதற்கும் வேர் ஒன்றுதான்: நின்ற தண்ணீர், சூடு, காயம். ஆனால் அதன் நீர் ஒழுகி அடுத்த கூடையில் சொட்டும் என்பதால் அவசரம் அதிகம்.

சரக்கு இறங்கும் நாள்

லோரி காலையில் வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் நிழலில் மட்டும் இறக்குங்கள். பெட்டிக்குள் கையை விட்டு நடுக்காரட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்து இருந்தால் ஒரு நிமிடம்கூட வெளியே வைக்காமல் நேராக உள்ளே, கடை முன்னால் திறந்து எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். சூடாக இருந்தால் பெட்டி மூடியையும் உள்ளுறையையும் நன்றாகத் திறந்து, பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் குளிர் அறைத் தரையில் பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) மேல் பரப்பி வைத்து, விசிறிக் காற்று நேராகப் போகிற மாதிரி ஓர் இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் காலையில் நடுக்காரட் ஒன்றில் குத்துகிற தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். அறைச் சுவரில் இருக்கும் மீட்டர் காற்றின் குளிரைச் சொல்லும், காரட்டின் குளிரைச் சொல்லாது. காரட் நடுவே 3, 4 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் உறையை மேலே மடித்துவிட வேண்டும். மடித்தால் போதும், முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டாம். துளை போட்ட உறை கிடைத்தால் இன்னும் நல்லது. உறைக்குள் தண்ணீர் நின்றால் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, மேலே ஒரு தாளை விரித்து வையுங்கள். அந்தத் தாள் நனைந்ததும் மாற்றிவிட வேண்டும், நனைந்த தாள் இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல்.

பிரித்தெடுப்பதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள். ஒடிந்தது, வெடித்தது, மண்வெட்டி பட்டது, நுனி நைந்தது எல்லாவற்றையும் அன்றைக்கே விற்க முகப்புக்கு அனுப்புங்கள். முள்ளங்கியும் பீட்ரூட்டும் தழையோடு வந்தால் தழையை ஒரு விரல் அளவு காம்பு விட்டு வெட்டிவிடுங்கள். தழை கிழங்கின் தண்ணீரை உறிஞ்சும், தானும் முதலில் அழுகும். பீட்ரூட்டை ஒட்ட வெட்டினால் சாறு வடியும், அந்த வெட்டுவாயே பூஞ்சைக்கு வாசல். மண் ஒட்டியிருக்கும் கிழங்கை வைப்பதற்கு முன் கழுவாதீர்கள். காய்ந்த மண் உதிர்ந்தால் போதும். கழுவுவதெல்லாம் விற்கும் நாளில்.

குளிர் அளவைப் பற்றி: காரட், பீட்ரூட், முள்ளங்கி மூன்றுக்கும் 0 டிகிரியிலிருந்து 1 டிகிரி வரை சரியான இடம். நன்றாக முற்றிய, தழை நீக்கிய காரட் அந்தக் குளிரிலும் ஈரத்திலும் 7 முதல் 9 மாதம் வரை நிற்கும் என்று சேமிப்புக் கையேடுகள் சொல்கின்றன. நம் கடைச் சில்லர்கள் பெரும்பாலும் 4, 5 டிகிரியில் ஓடுகின்றன, நாளுக்கு ஐம்பது தடவை கதவும் திறக்கிறது. ஆகவே மாதக் கணக்கை மறந்துவிட்டு வாரக் கணக்கில் திட்டம் போடுங்கள். குளிர் கூடட்டும் என்று 0 டிகிரிக்குக் கீழேயும் இறக்காதீர்கள். காரட் மைனஸ் ஒன்றரை டிகிரி அளவில் உறைந்துவிடும், பீட்ரூட் அதற்கும் முன்னாலேயே உறையும். உறைந்து இளகிய கிழங்கில் பூஞ்சைக்கு வேலையே மிச்சமில்லை.

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள், தரையில் பேலட் இல்லாமல் வைக்காதீர்கள், குளிரூட்டும் விசிறிப் பெட்டிக்கு நேர் கீழே எதையும் வைக்காதீர்கள், பனி உருகும்போது சொட்டுவது அங்கேதான். கதவுக்குப் பிளாஸ்டிக் பட்டைத் திரை போடுவது செலவுதான் என்றாலும் செய்துவிடுங்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போய்க் குளிர்ந்த காரட் மேல் தண்ணீராக இறங்குகிறது என்பதை மறக்க வேண்டாம்.

திருவிழாச் சமயத்தில் பூசைக்கான வாழைப்பழத்தையும் ஆப்பிளையும் அதே அறையில் வைப்பார்கள். வேண்டாம். பழுக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயு காரட்டைக் கசக்க வைக்கும். காரட் கசக்கிறது என்று புகார் வந்தால் முதலில் பக்கத்தில் என்ன வைத்திருந்தீர்கள் என்று யோசியுங்கள்.

சில்லர் பக்கமே போகக் கூடாதவை

இப்போது அந்த வேகாத சர்க்கரைவள்ளிக்கு வருகிறேன். அது வெப்பநாட்டுக் கொடி. சுமார் 12 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் உள்ளுக்குள் அடிபட்டுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. வேக வைத்தால் நடுவில் கட்டையாக நிற்கும், சில சமயம் உள்ளே பழுப்பு ஓடியிருக்கும். வெளியே எடுத்து இரண்டு நாள் வைத்தால் தோலில் குழி விழுந்து, அந்தக் குழிகளில் பூஞ்சை ஏறும். பூஞ்சையைத் தடுக்கக் குளிரில் வைத்ததே பூஞ்சைக்குக் கதவு திறந்துவிட்டது என்று எனக்குப் புரிந்த நாளில் சர்க்கரைவள்ளியை நிரந்தரமாகச் சில்லருக்கு வெளியே கொண்டுவந்துவிட்டேன்.

அதற்குச் செய்ய வேண்டியதே வேறு. புதிதாகத் தோண்டிய கிழங்கை 29 முதல் 32 டிகிரி சூட்டிலும் 85, 90 சதவீத ஈரத்திலும் 4 முதல் 7 நாள் வைத்தால், நம் முழங்காலில் சிராய்த்த இடத்தில் பொருக்கு கட்டுவதுபோல அதன் காயங்களுக்குக் கீழே தக்கை மாதிரி ஒரு படலம் கட்டிக்கொள்ளும். குளிர்நாட்டில் இதற்கென்று அறை கட்டி, சூடேற்றி, ஈரம் ஏற்றுகிறார்கள். நமக்கு அந்த அறை தேவையே இல்லை. மழையும் வெயிலும் நேராகப் படாத, காற்று வந்து போகிற தாழ்வாரம் ஒன்று இருந்தால் சுங்கை சிப்புட்டின் சாதாரண வானிலையே ஏறக்குறைய அந்த வேலையைச் செய்துவிடும். சாக்கிலிருந்து கொட்டி, துளையுள்ள கூடைகளில் ஒரு முழத்துக்கு மேல் உயரம் போகாமல் பரப்பி, ஐந்தாறு நாள் விடுங்கள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், முதல் நாள் வழுக்கிக்கொண்டு உரிந்த தோல் இப்போது உரியாமல் பிடித்து நிற்கும். அதுதான் பதம். அதற்குப் பிறகு 13 முதல் 15 டிகிரி கிடைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். கிடைக்காவிட்டால் அதே நிழலில் வைத்து ஒன்றிரண்டு வாரத்தில் விற்றுவிடுங்கள், அதற்கு மேல் முளை விடும்.

சர்க்கரைவள்ளியில் கவனிக்க வேண்டிய பூஞ்சை இரண்டு. ஒன்று ரைசோபஸ்: ஒடிந்த நுனியில் தொடங்கி ஓரிரண்டு நாளில் கிழங்கு முழுக்கக் கொழகொழவென்று ஆகிவிடும், மேலே தாடி முடி மாதிரி சாம்பல் மயிர், நுனிகளில் கறுப்புப் புள்ளி, வாசம் புளித்த கள் மாதிரியே இருக்கும். கூடைக்குப் பக்கத்தில் போகும்போது கள் வாசம் அடித்தால் கிளறிப் பார்த்துவிடுங்கள், எங்கேயோ ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. இன்னொன்று கறுப்பு அழுகல்: பத்துக்காசு நாணயம் வைத்து அழுத்தியதுபோல வட்டமாக, கறுப்பாக, லேசாகக் குழிந்து இருக்கும். கிழங்கு கெட்டியாகவே இருப்பதால் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம் என்று தோன்றும். சமைத்தாலும் சுற்றுப்பகுதி வரை கசக்கும். முழுதாகத் தூக்கிப் போடுங்கள்.

உருளைக்கிழங்கு இடைப்பட்டது. 7 முதல் 10 டிகிரி அதற்கு நல்லது. அதைவிடக் குளிரில் மாவு சர்க்கரையாக மாறி, பொரித்தால் கறுக்கும். கடையில் இருட்டான, காற்றோட்டமான மூலை போதும். தோல் வளையம் வளையமாகச் சுருங்கி உள்ளே பொந்தாகி வெள்ளையோ இளஞ்சிவப்போ பூத்திருந்தால் அது ஃபியூசேரியம், காய்ந்த அழுகல். பெந்தோங் இஞ்சிக்கு 12, 13 டிகிரிதான் எல்லை. ஒடித்த வாயை ஒருநாள் காற்றில் காயவிட்டால் நீலப்பச்சைப் பூஞ்சை சீக்கிரம் ஏறாது. மரவள்ளி தோண்டிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்புக் கோடு ஓடும், அது பூஞ்சை இல்லை, கிழங்கின் சொந்தக் குணம், வந்த அன்றே விற்பதைத் தவிர வழியில்லை. வெங்காயமும் பூண்டும் காய்ந்த காற்று கேட்பவை, காரட்டின் ஈர அறைக்குள் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

பூத்துவிட்டால்

பெட்டியை அறைக்குள் வைத்துக் கிளறாதீர்கள், உதறாதீர்கள். போட்ரைடிஸ் தூசி விசிறிக் காற்றில் ஏறி எல்லாக் கூடைக்கும் போய்ச் சேரும். முழுப் பெட்டியையும் மெதுவாக வெளியே கொண்டுபோய், பூத்ததையும் அதைத் தொட்டுக்கொண்டிருந்ததையும் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். தொட்டுக்கொண்டிருந்த காரட்டில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே இழை இறங்கியிருக்கும். மீதி நல்லதைத் திரும்ப வைக்காமல் அன்றைக்கே விற்றுவிடுங்கள், வேறு கூடையில்.

காலிக் கூடையை முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்து மண்ணை எடுத்துவிட்டுப் பிறகுதான் குளோராக்ஸ், அதாவது பிளீச் திரவம். மண்ணோடு ஊற்றினால் மருந்தெல்லாம் மண்ணோடு போராடியே தீர்ந்துவிடும். 5 சதவீதம் அளவு உள்ள சாதாரணக் குளோராக்ஸ் என்றால் 10 லிட்டர் வாளிக்கு 40 மில்லி. போத்தலில் வேறு சதவீதம் போட்டிருந்தால் அதற்குத் தகுந்த மாதிரி மாற்றுங்கள். ஐந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு எடுக்க வேண்டும். ஈரக் கூடையில் காரட் கொட்டினால் செய்ததெல்லாம் வீண். குளோராக்ஸோடு வினிகரோ வேறு கழுவும் திரவமோ சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். சரக்கின் மேல் பூச்சிக்கொல்லிக் கடையில் விற்கும் எந்த மருந்தையும் தெளிக்காதீர்கள். நாம் விற்பது சாப்பாட்டுக்கு.

வீட்டில் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். கெட்டியான காரட்டில் சின்ன இடத்தில் மட்டும் பூத்திருந்தால், அதைச் சுற்றியும் ஆழத்திலும் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டி எறிந்துவிட்டு, கத்தி பூஞ்சையில் படாமல் பார்த்துக்கொண்டால், மீதியைச் சமைக்கலாம். நைந்துபோனது எதுவானாலும் குப்பைக்கு.

இன்னொரு கேள்வி எங்கள் மாதிரி ஊரில் அடிக்கடி வரும். தோட்டத்தில் மாடு வளர்க்கும் ஓர் ஆயா வாரா வாரம் கழிவுக் காய்கறி வாங்க வருவார். ஒருநாள் பூத்துப்போன சர்க்கரைவள்ளிக் கூடையைப் பார்த்துவிட்டு, "தம்பி, அத ஏன் தூக்கி எறியிற? மாடு திங்கும்ல, குடு" என்றார்.

"வேணாம் ஆயா, இத மட்டும் கேக்காதீங்க. முட்டைக்கோஸ் தழை எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க. இந்தக் கிழங்க தின்னா மாட்டுக்கு மூச்சு முட்டிரும்."

அவர் நம்பாமல்தான் பார்த்தார். ஆனால் அது உண்மை. பூஞ்சை தாக்கும்போது சர்க்கரைவள்ளியில் உருவாகும் சில நஞ்சுகள் மாட்டின் நுரையீரலைத் தாக்கும். நீர் கோத்து மூச்சுத்திணறி மாடு சாகவும் கூடும். கொஞ்சம் வெட்டிவிட்டுக் கொடுக்கிறேன், வேகவைத்துக் கொடுக்கிறேன் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு கறவை மாட்டை நம்பி ஒரு குடும்பம் இருக்கும். கட்டிக் குப்பைக்கு அனுப்பும் பையைக்கூட மாடு பிரிக்க முடியாத இடத்தில் வையுங்கள்.

வெளியே எடுக்கும்போதும், கரண்ட் போனாலும்

சில்லரிலிருந்து காரட்டை எடுத்த உடனே பையில் கட்டி விற்காதீர்கள். வெளியே வந்ததும் வேர்க்கும், அந்த ஈரத்தோடு பை கட்டினால் நான் முன்னால் சொன்ன கறுப்புத் திட்டு வாங்கியவர் வீட்டில் வரும். அரை நாளைக்கு விற்கும் அளவை மட்டும் எடுத்து, துளையுள்ள தட்டில் பரப்பி, மேசை விசிறி முன்னால் வேர்வை காயும்வரை விட்டுப் பிறகு பை கட்டுங்கள். ஒருமுறை வெளியே வந்து வேர்த்ததை மறுபடி உள்ளே வைத்து, மறுபடி எடுத்து என்று ஆட்டாதீர்கள். கோயிலுக்குப் போகும் பெரிய ஆர்டரை, முடிந்தால், சமைக்கும் நாள் விடியற்காலையில் குளிரோடு அனுப்பிவிடுங்கள், அவர்கள் நேராக வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள், பூஞ்சைக்கு நேரமே இருக்காது.

வாங்கிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: பையைப் பிரித்து, காய்ந்த துணியில் சுற்றி, வீட்டு ஐஸ்பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள், துணி நனைந்தால் மாற்றுங்கள்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், நிறைந்த அறை சில மணி நேரம் குளிரைத் தாங்கும். ஆபத்து கரண்ட் திரும்பி வந்த பிறகுதான். அதுவரை சூடேறிய காரட் மேல் உறை மறுபடி குளிரும்போது உள்ளே தண்ணீர் கோக்கும். ஆகவே கரண்ட் வந்து மோட்டார் ஓட ஆரம்பித்ததும் எல்லா உறைகளையும் திறந்துவிட்டு, விசிறியை ஓடவிட்டு, ஓர் இரவு கழித்து மடியுங்கள். மறுநாளிலிருந்து ஒரு வாரத்துக்கு, தினமும் காலையில் கடை திறந்ததும் நடு அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, கீழ்மட்டத்துக் காரட் இரண்டை எடுத்துத் தலையையும் நுனியையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். முதல் பஞ்சு எப்போதும் அங்கேதான் பூக்கும்.